உச்சி விளக்கு

ராமேஸ்வரம் வரை கரையோரமாகவே பாய்விரித்துப் போவதென்று, தீனாவும் செங்குட்டுவனும் இரண்டு வருஷமாக அந்தப் பழைய படகைச் சீர்செய்தார்கள். கிளம்ப ஐந்து நாள் இருக்கையில், காசிமேட்டுக்கு வெளியே ஓட்டிப் பார்க்கும்போது செங்குட்டுவன் சொன்னான்:

"நீ வராத மாமு. கடலு உனுக்கு ஒத்துக்கல. என் மச்சான இட்டுகினு போறேன்."

தீனா இரும்புத் தடியை எடுத்து அவன் மண்டையில் மூன்று முறை அடித்தான். கடைசி அடியில் எலும்பு உள்ளே இறங்கியது. உடலைக் கடலில் தள்ளிவிட்டுக் கரைக்கு வந்து, கூட்டாளி கால் தவறி விழுந்துவிட்டான் என்று அழுதான். எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் பகலில் வேலையைத் தொடர்ந்தான். தண்ணீர் கேன்களை அடுக்கினான். பலகை இடுக்கில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கத்தியால் சுரண்டினான். பாய்மர உச்சியில் விளக்கு மாட்டுவதுதான் பாக்கி. படகில் வேறு யாருமில்லை என்பதால், பலகை ஊஞ்சலில் உட்கார்ந்து கப்பிக் கயிற்றைத் தானே இழுத்து மேலேறினான். பாதி உயரத்தில் கயிறு கைநழுவியது. ஊஞ்சல் விழவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தான். கீழே செங்குட்டுவன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பிளந்த மண்டையிலிருந்து கண்ணில் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"வெளக்க மாட்டு மாமு. நான் புடிச்சிகினு கீறேன்."

தீனா விளக்கை மாட்டினான்.

"ஆச்சா? எறக்கட்டா?"

"இன்னும் இல்ல" என்று தீனா மரத்தைக் கட்டிக்கொண்டான்.

சாயங்காலம் துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியபோதும் அதையேதான் சொன்னான்.

"மெதுவா பண்ணு" என்றான் செங்குட்டுவன். "எனுக்கு இன்னா அவசரம்?"