போதும் என்று சொல்லும் அணுக்கள்

"வீட்டுல யாருக்காச்சும் டிபி இருந்துச்சா, அங்கிள்?"

டாக்டர் சுமையா தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றே கேட்டுவிட்டார். என்னைத் தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் கன்னையா இருந்தார். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எனக்குச் சம்பந்தியாகப் போகிறவர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருக்கு மாப்பிள்ளையாகப் போகும் என் மகன் பிரவின், தொண்டையில் குழாயோடு. தெலுக் பங்லிமா காராங்கில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன வாரம் குளோரின் கசிந்தது.

"வாயு அன்னைக்கே போயிடுச்சு. இப்போ நுரையீரலை அடிக்கிறது அவரோட சொந்த வெள்ளை அணுக்கள். காப்பாத்த வந்ததுங்கதான், நிறுத்த மாட்டேங்குதுங்க. போதும்னு சொல்லி அடக்குற அணுக்களும் உடம்புல இருக்கு. அதுங்க பேச்சு எடுபடல."

அதனால் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கப் போகிறார்களாம். ஆனால் டிபி கிருமி எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால், காவல் தளர்ந்ததும் விழித்துக்கொள்ளும். முன்பே தெரிந்தால் அதற்கும் சேர்த்து மருந்து போடலாம். தெரியாமல் கொடுத்தால்?

டாக்டர் அதை முடிக்கவில்லை. "வீட்டுல இல்லாட்டியும், நெருங்கிப் பழகுறவங்களுக்கு இருந்தாலும் சொல்லுங்க."

சுவரோரம் நின்ற என் மகள் மலர் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஆறு மாதம் கிளினிக்குக்குப் போய் மாத்திரை விழுங்கியவள் அவள். முழுக்கக் குணமாகிவிட்டாள். சுபாங் ஜெயாவில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள் என்று உறவினரிடம் சொல்லி வைத்தோம். அந்த நோய் வந்த பெண் என்று ஒருவர் வாயில் விழுந்தால், நாளை அவளைக் கேட்டு யார் வருவார்கள்?

நான் பார்த்த பார்வையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க பரம்பரையிலேயே கிடையாது, டாக்டர்."

கன்னையாவும் சேர்ந்துகொண்டார். "சம்பந்தி குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்! எங்க பக்கமும் கிளீன் லா, டாக்டர். என் பொண்ணு இருமி நான் பாத்ததே இல்ல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சாயங்காலம் மருந்தை ஆரம்பிக்கிறோம். ஏதாச்சும் ஞாபகம் வந்தா ரூமுக்கு வாங்க."

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னல் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கன்னையாவும் உட்காரவில்லை. கைப்பேசியை எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தார். பிறகு, "குடிக்க சூடா தே ஓ வாங்கிட்டு வரேன், சம்பந்தி" என்று லிப்ட் பக்கம் போனார்.

மலர் என் அருகில் வந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீ பேசாதே."

"ரெண்டு வருஷமா பேசாமதான்பா இருக்கேன்."

பிரவினின் மார்பு ஏறியது, இறங்கியது. அவன் ஏற்றவில்லை, அவன் இறக்கவில்லை. இயந்திரம் செய்தது.

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். "இங்கேயே இரு" என்றேன். சொல்லத்தான் வேண்டும் என்றால் அதைச் சொல்ல வேண்டியவன் நான். என் வீட்டுப் பெண் யார் முன்னாலும் போய்த் தலைகுனிந்து நிற்கக் கூடாது.

டாக்டர் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கன்னையா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என் பொண்ணுக்குத்தான் டாக்டர். போன வருஷம். மருந்தெல்லாம் முடிச்சிட்டா. மாப்பிள்ளைக்கே இன்னும் சொல்லல." குரல் தாழ்ந்தது. "சம்பந்தி ரொம்ப கௌரவம் பாக்குறவரு. அவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது."

டாக்டர் உடனே தொலைபேசியை எடுத்து, மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

இனி நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடலாம். மகனும் பிழைப்பான், என் வீட்டுக் கதையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கன்னையா வாழ்நாள் முழுக்க என் முன்னால் குனிந்தே நிற்பார்.

கதவைத் தட்டினேன்.