கத்தரிச்செடி சொன்ன 'போதும்'

கல்யாணப் பந்திகளில் சாம்பார் வாளியோடு ஆயுளைக் கழித்த தணிகாசலம், ஓய்வுக்குப் பிறகு பால்கனியில் கத்தரிச்செடி வளர்க்கக் கற்றுக்கொண்டார். தொட்டிச் செடிகள் பேசத் தொடங்கியிருந்த காலம். தாகமெடுத்தால் "தண்ணி" என்று கேட்கும். நிறைந்தால் "போதும்" என்று சொல்லும்.

தணிகாசலம் எந்தப் பந்தி இலையில்தான் முதல் 'போதும்' என்பதை நம்பியிருக்கிறார்?

"கூச்சப்படாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று இன்னொரு சொம்பு ஊற்றினார்.

"ஐயா, நெஜமாவே போதும்" என்றது செடி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று மறுபடியும் ஊற்றினார்.

மூன்று செடிகள் மரியாதையாகப் போதும் சொல்லிக்கொண்டே வேரழுகிச் செத்தன. மிச்சமிருந்த ஒன்றும் மஞ்சளாகிவிட்டது.

"செடி போதும்னா போதும்னுதான் அர்த்தமாம், வேதவல்லி" என்றார் மனைவியிடம், வானிலை சொல்பவர் போல.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தலை நிமிரவில்லை. "ஊரையே நம்பாத மனுஷன், நான் போதும்னா மட்டும் ஒடனே நம்பி கரண்டிய எடுத்துடுவீங்க. இத்தன வருஷமா."

தணிகாசலம் எழுந்துபோய் அவள் தட்டில் ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

"போதும்" என்றாள்.

அது எந்தப் போதும் என்று தெரியாமல் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். பால்கனியில் செடி பேச்சை நிறுத்தியிருந்தது.