மாப்பிள்ளை பட்டனுக்கு நாலு ரிப்போர்ட்

"என் பட்டனைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு, மேடம்?"

"பார்த்ததும் தெரிஞ்சுக்க எனக்கென்ன ஞானக்கண்ணா இருக்கு? காகிதத்தைக் காட்டுங்க, சார்."

இரண்டாவது மாடியில் குரல்கள் ஏறியதும் கீழே தையல் மிஷின் நின்றது. நமக்கெதற்கு ஊர் வம்பு என்று சொல்லிக்கொண்டே தையல்காரம்மா படியேறினாள். அளவெடுக்க வந்தவள்போலக் கழுத்தில் டேப் வேறு.

கத்திக்கொண்டிருந்தவர் அதே தெருவில் இருக்கும் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. அவர் கக்கத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய ஒரு முடிப்பந்து. அதுதான் பட்டன், அசல் பொமரேனியன். கதவை மறித்து நின்றவர், பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தெருவுக்கே எக்ஸ்ரே அக்கா. அவருக்கும் அதே வயது, அவரும் தனிக்கட்டை. அவர் காலடியில் பஞ்சு, அதே ஜாதிப் பெண் நாய். பஞ்சுவுக்குப் பட்டனை ஜோடி சேர்க்கலாமே என்று கேட்கத்தான் மெக்கானிக் வந்திருந்தார்.

அக்கா பட்டனை வாங்கி, புரட்டி, பல்லிலிருந்து வால்வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"முழங்கால் சில்லு நழுவுதான்னு ஒரு டெஸ்ட். கண்ணுக்கு ஒண்ணு. பரம்பரை நோய் இருக்கான்னு ரத்தத்துல ஒண்ணு. கடைசியா இதயம். நாலு ரிப்போர்ட்டும் வந்தா பேசலாம்."

"எனக்குப் பொண்ணு பார்த்தப்போகூட யாரும் இவ்வளவு கேக்கலை."

"கேட்டிருந்தா ஒருவேளை அமைஞ்சிருக்கும்."

தையல்காரம்மா டேப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள்.

அக்காவின் குரல் இறங்கியது. "பஞ்சுவுக்கு முன்னாடி வளர்த்த நாய்க்கு முதல் முதலா ஜோடி சேர்த்தப்போ நானும் எதையும் பார்க்கலை, சார். குட்டியை வாங்கிட்டுப் போன சின்னப் பொண்ணு ஒருத்தி, ஒரு வருஷம் கழிச்சு அதைத் தூக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னா. நொண்டுது. 'ஆன்ட்டி, இதுக்கு வலிக்குதா'ன்னு கேட்டா. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது. பஞ்சுவுக்கு மொத்தமே ரெண்டு பிரசவம்தான், அதுக்கு மேல விட மாட்டேன். ஒண்ணு ஆயிடுச்சு."

மெக்கானிக் பட்டனின் முழங்காலை மெல்லத் தடவினார். "நாலும் கொண்டு வர்றேன், மேடம்."

கொண்டுவந்தார், ஞாயிற்றுக்கிழமைதோறும். முதலில் முழங்கால். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல பட்டன் தோலுக்கடியில வச்சிருக்கிற அடையாளச் சிப் நம்பர் இல்லையே. இது பட்டனோட முட்டின்னு எப்படி நம்பறது? உங்க முட்டியாக்கூட இருக்கலாம்." அடுத்த வாரம் நம்பரோடு வந்தார். கண் ரிப்போர்ட் பழசு என்று திரும்பிப் போயிற்று. ரத்த ரிப்போர்ட் வர ஒரு மாதம். அது வரவில்லை என்று சொல்வதற்காகவே நாலு ஞாயிறு வந்துபோனார்.

தையல்காரம்மாவிடம் கணக்கு உண்டு. முதல் வாரம் வாசலில் நின்றபடி ஏழு நிமிடம். மூன்றாவது வாரம் நாற்காலி, டீ. எட்டாவது வாரம் ஒன்றே முக்கால் மணி நேரம், நடுவில் சிரிப்புச் சத்தம். ஒரு வருடமாக முதல் மாடியில் மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட், யாரும் புகார் கொடுக்காமலே ஓட ஆரம்பித்திருந்தது.

இரண்டே விஷயம்தான் அவளுக்கு உறுத்தியது. தெருமுனையிலேயே நாய் டாக்டர் இருக்க, இந்த மனுஷன் ஏன் டெஸ்டுக்கெல்லாம் ரெண்டு பஸ் மாறிப் போகிறார்? அடுத்தது, மாப்பிள்ளை பட்டன். பஞ்சு மேலேயே வந்து விழுந்தாலும் புரண்டு படுத்துத் தூங்குகிறானே?

"கூச்ச சுபாவம்," என்றார் மெக்கானிக்.

கடைசியில் இதயம் மட்டும் பாக்கி.

"இதுக்குத் தெருமுனை டாக்டர்தான்," என்றார் அக்கா. "நானும் வர்றேன்."

மெக்கானிக்கின் முகம், ரெண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் முகமாயிற்று.

தையல்காரம்மாவும் போனாள். அதற்காக, ஒரு நோயும் இல்லாத தன் பூனையைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டாள்.

டாக்டர் பட்டனின் நெஞ்சை ஸ்கேன் செய்து முடித்தார். "இதயம் கடிகாரம் மாதிரி ஓடுது. எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம்?"

"பஞ்சுவுக்கு ஜோடி சேர்க்க," என்றார் அக்கா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தாராளமா சேர்க்கலாம். குட்டிதான் வராது. மூணு வருஷத்துக்கு முன்னால நானே இவனுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணேனே. சார் மறந்துட்டாரா?"

தையல்காரம்மா பூனைக் கூடையோடு ஓரடி கிட்டே வந்தாள்.

"மறக்கலை," என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி. "வேற எதைச் சொல்லிக்கிட்டு அந்த மாடி ஏறறதுன்னு தெரியலை."

இடி விழப்போகிறது என்று தையல்காரம்மா காத்திருந்தாள். அக்கா ஃபைலைத்தான் நீட்டினார். "பரவாயில்லை. ரிப்போர்ட்டுல சிப் நம்பர் எழுதிடுங்க, டாக்டர்."

இரண்டு மாதத்தில் பதிவுத் திருமணம். பஞ்சுவின் குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆனதும், பின்பக்கம் முற்றம் இருக்கிற மெக்கானிக்கின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். குட்டிகளின் அப்பா வெளியூர்க்காரர். நாலு ரிப்போர்ட்டும் சுத்தமாக, போன வருடமே முடிவான சம்பந்தம்.

சாமான் கட்ட உதவ வந்த தையல்காரம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அத்தனை வாரமா உங்களை ஏமாத்தியிருக்கார், அக்கா. ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டீங்களே?"

அக்கா கடைசிக் குட்டியையும் கூடையில் வைத்தார். "பதினஞ்சு வருஷமா நாய் வளர்க்கறேன். முதல் நாள் வாசல்ல புரட்டிப் பார்த்தப்பவே தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு நாலு ரிப்போர்ட் கேட்டீங்க?"

"ஒண்ணு மட்டும் கேட்டிருந்தா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதானே வந்திருப்பார்?"