பின் வலது சக்கரம்

பின் வலது சக்கரத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தது. அது எங்கே போயிற்று என்று க்ளிஃபர்டுக்குப் பிடிபடவில்லை.

ஜூனில் நூற்று எண்பது. இன்று நூற்று எழுபத்து நான்கு. மற்ற மூன்று சக்கரங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்து, மொத்தத்தில் பதினொரு கிலோவைக் காணோம்.

ஜூனுக்குப் பிறகு காரிலிருந்து ஒரு திருகைக்கூட அவர் கழற்றவில்லை.

தண்ணீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் பம்பு பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கராஜைக் காலி செய்து, பெட்டி பெட்டியாக வந்திறங்கிய இரண்டாயிரம் கார் உருப்படிகளை ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பந்தயக் காரின் சாயல்: கூரை கிடையாது, கதவு கிடையாது, நீண்ட மூக்கு. வியாழக்கிழமை பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தந்தால் நம்பர் பலகை மாட்டலாம்.

இப்படிப்பட்ட காருக்கு எடைதான் உயிர். நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் கட்டையாக இருந்தால் என்ன ஆகும்? நேராக உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. சாய்ந்தால் ஆடும். காரும் அப்படித்தான். வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் எந்தச் சக்கரம் தரையைச் சரியாக அழுத்தவில்லை என்று தெரியும். தெரிவதற்குள் கார் பள்ளத்தில் கிடக்கும்.

அதனால் ஒவ்வொரு சக்கரத்துக்கு அடியிலும் ஒரு தட்டைத் தராசு. கம்பி வழியாக நான்கு எண்களும் ஒரு சிறு பெட்டியில் தெரியும்.

தராசில் கோளாறோ என்று பின்னால் இருந்ததை முன்னால் மாற்றினார். குறைவு பின் வலது சக்கரத்தை விட்டு நகரவில்லை. டயர்களில் காற்று சரி. தண்ணீர் நிரப்பிய குழாயை நீட்டித் தரை மட்டம் பார்த்தார், சரி. பெட்ரோலை முழுக்க வடித்து, ஜூனில் ஊற்றிய அதே இருபது லிட்டரை அளந்து ஊற்றினார்.

"மறுபடி வாசி" என்றார், இருக்கையில் இருந்தபடி. ஓட்டுகிறவர் உட்கார்ந்துதான் எடை பார்க்க வேண்டும்.

மனைவி நோரீன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். "நூத்தி எழுபத்தி நாலு. அஞ்சு தடவ வாசிச்சாச்சு, க்ளிஃப். பாவம்னு அதுவா ஏறிடுமா?"

ஜூனில் உள்ளே இறங்குவதற்கே ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது மாட்டியபடியே வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார். பழக்கம்தான். இருக்கைப் பட்டையின் மிச்ச நுனிகள் தொங்கியதால் சுருட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தார். தரைவிரிப்புக்குத் துளை போட்ட அதே கருவியால் தன் இடுப்பு பெல்ட்டிலும் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்தார். நல்ல கருவி. சுத்தமான துளை.

நோரீனின் பார்வை வேலை மேசைமேல் போயிற்று. அங்கே வாஷர்கள் அளவுவாரியாகப் பரப்பிக் கிடந்தன, ஒரு வெள்ளை உறையின் மேல். அறுபத்தெட்டு வயதான அவருக்குக் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்காகத் தபாலில் வந்த உறை. உள்ளே ஒரு குச்சி, ஒரு சின்னக் குப்பி. வீட்டிலேயே மல மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்பினால் போதும். ஏப்ரலில் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

"ரெண்டாயிரம் சாமானப் பிரிச்சுப் பூட்டத் தெரியுது. இந்த ஒரு குச்சிக்கு மட்டும் கை வரலையாக்கும். உன் அண்ணன் கெல்வினும் சாகறவரைக்கும் இப்படித்தான் அலமாரியில வெச்சிருந்தார், ஒட்டினது ஒட்டினபடி."

"வியாழக்கிழமை முடியட்டும்."

"மூணு வாரமா ராத்திரிச் சாப்பாட்டுல பாதி நாய்க்குத்தான் போகுது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. டீ ஆறுது, எறங்கு."

அவர் இறங்கினார். கோப்பையை வாங்கிக்கொண்டு, வழக்கத்தால் பெட்டியைப் பார்த்தார்.

ஆள் இல்லாத காரின் மொத்த எடை: ஐந்நூற்று நாற்பத்தெட்டு.

நோட்டைப் புரட்டினார். ஜூன். ஆள் இல்லாமல்: ஐந்நூற்று நாற்பத்தெட்டு.

ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை.

டீயைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். கராஜின் மூலையில் நோரீனின் தோட்டத்து உருளைக்கிழங்குகள் குவிந்திருந்தன. ஒரு சாக்கை எடுத்து, மேசைத் தராசின் மேல் வைத்து, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். பத்தரை. பத்தே முக்கால். இன்னொரு சின்னக் கிழங்கு. பதினொன்று.

"என்ன பண்ற?"

அவர் சாக்கை அணைத்தபடி காருக்குள் இறங்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை ஸ்டியரிங் இடித்தது. ஜூனில் இடித்த அதே இடத்தில்.

"வாசி."

நோரீன் குனிந்தாள். "முன் இடது நூத்தி முப்பத்தெட்டு. முன் வலது நூத்தி நாப்பது. பின் இடது நூத்தி எழுபத்திரண்டு." அதோடு நின்றாள். நாலாவதை அவள் வாசிக்கவில்லை. பெட்டியைப் பார்க்கவுமில்லை. சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவராகவே எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு இறங்கி, வாஷர்களை ஒரு டப்பா மூடியில் சரித்துவிட்டு, உறையை அவள் கையில் கொடுத்தார். பென்சிலை எடுத்தார். எந்தச் சிக்கலையும் தீர்வு எழுதாமல் அவர் விட்டதில்லை.

"காரில் குறை இல்லை. ஓட்டுபவரின் மடியில் பதினொரு கிலோ சேர்த்தால் பின் வலது சக்கரம் நூற்று எண்பது."