பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

“பக்கத்து சீட்ல யாருமே இல்லம்மா. ஆனா இருக்காங்கன்னு கார் சொல்லுது.”

மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். சர்வீஸ் சென்டர் வாசலில் நின்ற தன் வெள்ளைக் காரை அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வண்டிகளின் குறை கேட்டு எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் பெண் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே இந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்தான். பெல்ட் போடாமல் சாவியைத் தொட்டால் புறங்கையில் ஸ்கேலால் ஒன்று வைப்பார். ஊரே நடுங்கிய மனிதர் இன்று ஒரு காலி சீட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தார்.

“ஆள் உட்கார்ந்து பெல்ட் போடலைன்னா மணி அடிக்குமே, அதுவா மாஸ்டர்?”

“அதேதான். அவ போனதுலேருந்து அடிக்குது. காரை வித்துத் தொலைங்கன்னு பையன் குதிக்கிறான். இந்த மாசத்தோட வாரன்டி வேற முடியுது. அதுக்குள்ள இது என்னன்னு பார்த்துடணும்மா. அந்த மணிக்கெல்லாம் வாரன்டி உண்டா?”

மாஸ்டரின் மனைவி நெடுநாள் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தது அவளுக்கும் தெரியும். மனசு இளகிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நீங்கதானே மாஸ்டர் சொல்வீங்க? வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம்.”

அவள் ஓட்டினாள். ஆயுசு முழுக்க ஓட்டுபவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய மாஸ்டர், பின் சீட்டில் ஏறி ஓரமாக ஒடுங்கிக்கொண்டார். “முன்னாடி வாங்களேன்” என்று கூப்பிட்டும் வரவில்லை.

தெருமுனை திரும்பியதும் ஆரம்பித்தது. டிங். டிங். டிங்.

பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பூப்போட்ட கவர் மட்டும்தான் இருந்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். மாஸ்டர் அந்தக் காலி சீட்டையே வெறித்துக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். பயத்தில் சாமி பேரைச் சொல்கிறார் போலிருக்கிறது.

உச்சி வெயிலில் அவளுக்கு முதுகு சில்லிட்டது. பழமொழியை யாருக்குச் சொன்னோம் என்று இப்போது அவளுக்கே சந்தேகம் வந்தது. வண்டியை ஓரங்கட்டினாள். காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும். கையை நீட்டினாள்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது.

“வேண்டாம்மா! அதைத் தொடாதே!” என்றார் மாஸ்டர்.

அவள் வண்டியைத் திருப்பினாள். சர்வீஸ் சென்டர் வரும்வரை மணி மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

பேய் பிசாசுக்கெல்லாம் நேரமில்லாத மெக்கானிக் அண்ணன், கவருக்குள் கையை விட்டதுமே சிரித்துவிட்டார். “கம்பெனி கவர் இல்லையே இது. உள்ளே தடியா ஸ்பாஞ்ச் வச்சு, இழுத்துப் பிடிச்சுத் தைச்சிருக்காங்க. அது அடியில இருக்கிற சென்சரை அமுக்கிக்கிட்டே இருக்கு. கார் பாவம், ஆள் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்குது.”

“அவதான் தைச்சா” என்றார் மாஸ்டர். “படுக்கையில சாய்ஞ்சுக்கிட்டே. அதுல உட்கார அவளுக்குக் கொடுத்துவைக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் நான்தான் மாட்டினேன்.”

கவரைக் கழற்றிவிட்டு வண்டியை நகர்த்திப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. அட்வைசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாஸ்டர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

வாரன்டிக் கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். “பயப்படாதீங்க மாஸ்டர். வெளிக் கவர் போட்டதுக்காக மொத்த வாரன்டியும் போயிடாது. கவரால கெட்டுப்போற சென்சருக்கு மட்டும்தான் கம்பெனி கையை விரிச்சிடும். கழட்டிட்டா அந்தத் தொல்லையும் இல்லை.”

“மறுபடி மாட்டினா?”

“மறுபடி அடிக்கும்.”

“நிச்சயமா அடிக்குமா?”

“அடிச்சே தீரும். அமுங்கி அமுங்கி ஒருநாள் சென்சரே போயிடும். அப்ப இலவசமா மாத்தித் தர மாட்டோம்.”

“காசு கொடுத்தா மாத்துவீங்கல்ல?”

“மாத்துவோம்...”

“அப்ப மாட்டிடும்மா.”

அவளுக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கவர் மேல் அவ்வளவு பாசம், மணி மேல் அவ்வளவு பயம். “இதை வீட்டுல பத்திரமா மடிச்சு வைங்களேன். இல்லேன்னா தினமும் பயந்துக்கிட்டேல்ல ஓட்டணும்?” என்றாள். மாஸ்டர் கவரின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மாட்டிக் கொடுத்தார்கள்.

வண்டி கிளம்பிய பிறகுதான் மேஜைமேல் அவர் மூக்குக்கண்ணாடி கிடப்பதைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடினாள். கார் வெளிவாசல் கதவருகே நின்றிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் அவளைக் கவனிக்கவில்லை. காலி சீட்டின் பக்கம் திரும்பியிருந்தார். அவர் சிரித்து இன்றுதான் அவள் பார்த்தாள்.

“இன்னிக்காவது பெல்ட்டைப் போடேன்டி!”