முத்துக்கனி கடை

உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை வேண்டும் என்று கன்னியாகுமரியில் ஏறிய சென்னைத் தம்பதி கேட்க, பகவதியப்பன் ஆட்டோவை அஞ்சுகிராமத்துக்கு ஓட்டி வந்திருக்கிறான். கடைக்காரி முத்துக்கனி, அவனிடம் விவாகரத்து வாங்கியவள். ஒரு ஏச்சாவது விழும் என்றுதான் அவர்களோடு அவனும் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே மின்விசிறி கடகடக்கிறது. தகரக்கூரை ஓட்டைகளின் வெயில் சோற்றின்மேல் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. "மக்கா, சாளக் கொளம்பு விடட்டா?" "ஏலே, சோத்த அளையாத, தின்னுலே!" என்று பக்கத்து இலைகளின் உள்ளூர்க்காரர்களிடம் பேசியபடி முத்துக்கனி மத்திமீன் குழம்பு வாளியோடு வருகிறாள். "எரிப்பு கூடுதலா இருக்கும் சார்" என்று சென்னைக்காரருக்கு ஊற்றுகிறாள். பிறகு கரண்டி அவன் இலைக்கு மேல் நிற்கிறது. அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. "சாருக்குக் கொளம்பா, ரசமா?" "கொளம்பு" என்கிறான். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்கிறாள். "மக்கா, உனக்கு?"