சோளம் கொடுத்தவர்கள்

மறுநாள் பி.ஏ. பரீட்சை. சுலோச்சனா ஒரே வரியை நாலாவது தடவையாகப் படித்தாள். மனம் நிற்கவில்லை. கூடத்தில் நாலு விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ரங்கசாமி அவர்களை உபசரிக்கும் சத்தம் ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

குழம்பு எடுக்க உள்ளே வந்தவரிடம், "யாரு நைனா அவங்க?" என்றாள் எரிச்சலுடன்.

"மெட்ராஸ்காரங்க. வெயில்ல சுருண்டு போயி நம்ம வரப்புல குந்திக்கினு இருந்தாங்க. சோறு போடாம அனுப்ப முடியுமா? நீ இன்னா படிக்கிற?"

"அமெரிக்காவுக்கு மொதமொதல்ல கப்பல்ல போன வெள்ளைக்காரங்க எழுதினது. பட்டினியில சாவக் கெடந்தவங்களுக்கு அந்த ஊருக்காரங்க சோளம் குடுத்து, பயிர் வைக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. தெம்பு வந்ததும் இவங்க 'இது காலி நிலம்'னு எழுதி வச்சிக்கினு, மொத்தத்தையும் எடுத்துக்கினாங்க."

ரங்கசாமி விழுந்து விழுந்து சிரித்தார். "சோத்தையும் போட்டு நெலத்தையும் உட்டானுங்களா? சுத்த ஏமாந்த பசங்க!"

குழம்புச் சட்டியோடு கூடத்துக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் வீடு அமைதியானது. காற்றாட உட்கார்ந்து படிக்கலாம் என்று சுலோச்சனா கூடத்துக்கு வந்தாள். விருந்தாளிகளின் வரைபடம் ஒன்று தரையில் விரிந்து கிடந்தது. மேலே 'தொழிற்பேட்டை' என்று எழுதியிருந்தது. சுலோச்சனா வீட்டு வயலின் சர்வே நம்பரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'காலி நிலம்'.

"நைனா!" என்று வாசலுக்கு ஓடினாள்.

எதிரே விருந்தாளிகள் வயலை அளந்துகொண்டிருந்தார்கள். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்த ரங்கசாமி உற்சாகமாகக் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் புடிக்கட்டா சார்?"